வேப்பிங் பொருள்களுக்குக் கட்டுப்பாடு வரும் வேளையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் ‘வேப்பிங்’ சாதனமான இ-சிகரெட்டுக்கும் அதில் ஊற்றும் நிகோடின் திரவத்துக்கும் அரசு கட்டுப்பாடு கொண்டுவரப் போகிறது என்ற பேச்சு எழுந்ததும், அதற்குப் பழகியவர்களில் பலர் கைக்குக் கிடைப்பதையெல்லாம் வாங்கிச் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தப் பதற்றம் புரிகிறது. ஆயினும், சட்டம் நடைமுறைக்கு வருமுன் கிடைக்கும் சில மாதங்களை நிகோடின் தேவையைக் குறைத்துக்கொள்ளவே செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் தவறு, சட்டம் எதைத் தடுக்கிறது என்று படித்துப் பார்க்காமலே முடிவெடுப்பது. கட்டுப்பாடு எல்லா இடத்திலும் ஒரே வகையாக இருப்பதில்லை. பிரிட்டனில் 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் சாதனங்களின் விற்பனை தடை செய்யப்பட்டது. மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் சாதனங்கள் தொடர்ந்து விற்கப்படுகின்றன. ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் மருந்தகங்கள் மட்டுமே இவற்றை விற்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் விற்பனையை அனுமதித்துவிட்டு, நிகோடின் அளவை ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றும், நிரப்பும் புட்டியை 10 மில்லிலிட்டர் என்றும் வரையறுத்தது. சிங்கப்பூரிலோ 2018 பிப்ரவரி முதல் வாங்குவதும் பயன்படுத்துவதும் வைத்திருப்பதும்கூடக் குற்றம். இந்தியாவின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றோடு இருப்பு வைப்பதையும் தடை செய்தது. ஆகவே, விற்பனைக்கு மட்டும்தான் தடை என்று எண்ணி அலமாரியை நிரப்பி வைப்பவர், சட்டம் வந்த மறுநாளே குற்றவாளியாக நிற்க நேரலாம். சட்ட வரைவு வெளியானால் விற்பனை, இறக்குமதி, இருப்பு, உடைமை ஆகிய சொற்களில் எவை அதில் உள்ளன, எந்த நாளிலிருந்து அவை செல்லும் என்பதைத்தான் முதலில் தேட வேண்டும். இன்னொரு நாட்டிலிருந்து தருவித்துக்கொள்ளலாம் என்று நம்புவோரும், பயணத்தில் எடுத்துச் செல்வோரும் இதை இருமுறை படிப்பது நல்லது.

அளவுக்கு மீறிச் சேர்த்து வைப்பது சட்டச் சிக்கல் மட்டுமன்று. நிகோடின் வெளிச்சத்தாலும் வெப்பத்தாலும் காற்றுப் படுவதாலும் சிதைந்து, திரவம் மஞ்சளாகவும் பழுப்பாகவும் மாறும், சுவையும் கெடும். அதைவிடப் பெரிய ஆபத்து, அது ஒரு நஞ்சு என்பதே. தோல் வழியாகவும் அது உடலுக்குள் செல்லும். பழ வாசனை வீசும் சிறு புட்டியைக் குழந்தை திறந்து குடித்துவிட்டால் உயிருக்கே கேடாகலாம். பிற்காலத்தில் நீர்த்துக்கொள்ளலாம் என்று செறிவு மிகுந்த நிகோடினை வாங்கி, அளவுக் கருவியோ கையுறையோ இல்லாமல் வீட்டிலேயே கலப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உணவில் சேர்க்கத் தகுந்த வாசனைப் பொருள் நுரையீரலுக்கும் தகுந்ததாகிவிடாது. எண்ணெய் கலந்தவை நுரையீரலில் அழற்சியை உண்டாக்கக்கூடியவை.

கடைகள் மூடப்பட்ட பின் யார் யாரிடமோ வாங்குவது இதைவிடக் கொடிய தவறு. அமெரிக்காவில் 2019-இல் வேப்பிங்கோடு தொடர்புடைய நுரையீரல் பாதிப்பு பரவி, 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தது உறுதியானது. பெரும்பாலான நிகழ்வுகளில் பயன்படுத்தப்பட்டவை கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சி கலந்த கேட்ரிட்ஜுகள், அதாவது சாதனத்தில் பொருத்தும் திரவக் குப்பிகள். அவற்றில் பல கடைக்கு வெளியே, அறிந்தவர் தெரிந்தவர் வழியாகக் கைமாறியவை. அவற்றில் கலந்திருந்த வைட்டமின் இ அசிட்டேட்டே பாதிப்போடு வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது. முத்திரையிட்ட உறை ஒன்றே உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் ஆகிவிடாது என்பதை அந்த இறப்புகள் காட்டின. பழைய பேட்டரிகளைச் சேர்த்து வைப்போர், உறை கிழிந்த லித்தியம் பேட்டரியைப் பயன்படுத்தவே கூடாது. உதிரி பேட்டரியைச் சாவிகளோடும் நாணயங்களோடும் பையில் போட்டால் மின்குறுக்கு ஏற்பட்டுத் தீப்பிடிக்கலாம்.

எல்லாவற்றிலும் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது, பொருள் தீர்ந்த நாளில் மீண்டும் சிகரெட்டைப் பற்றவைப்பதுதான். வேப்பிங் தீங்கற்றது அன்று. ஆனால் எரியும் புகையிலையில் வரும் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதைவிடப் பெரிய கேடு. சிகரெட்டை விட்டு வேப்பிங்குக்கு வந்தவர் மறுபடி அங்கே போய்விடாமல் இருக்க, கடைசிப் புட்டி காலியாகும்வரை காத்திராமல் இப்போதே படிப்படியாகக் குறைக்கத் தொடங்க வேண்டும். இங்கும் ஒரு கணக்குப் பிழை நேர்கிறது. உறையில் 5 சதவீதம் என்று போட்டிருப்பதைச் சிறிய எண்ணாகக் கருதுகிறார்கள். அது ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் நிகோடின். அத்துடன், செறிவைக் குறைத்த மாத்திரத்தில் உடல் கூடுதலாக இழுக்கச் சொல்லும்; ஆகவே செறிவோடு நாளொன்றுக்குத் தீரும் திரவத்தின் அளவையும் குறித்துக்கொண்டு, இழுப்புகளுக்கு இடையேயான நேரத்தையும் நீட்ட வேண்டும். நிறுத்திய முதல் சில நாள்களில்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் ஏக்கமும் உச்சத்தில் இருக்கும்; சில வாரங்களில் அவை தணியும். இதை முன்கூட்டி அறியாதவர்கள், மூன்றாம் நாளே தம்மால் முடியாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

தனியாகவே சமாளித்துவிட வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. புகைப்பழக்கத்தை விட உதவும் நிகோடின் ஒட்டுப்பட்டையும் சூயிங்கமும் 2009 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளன. அதற்கே உதவும் வரெனிக்லின், புப்ரோபியான் ஆகிய மாத்திரைகள் 2021-இல் சேர்க்கப்பட்டன. மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனையின்றி எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் வலிப்பு நோய் உள்ளவர்களும் எதைத் தொடங்கும் முன்னும் அவரைப் பார்ப்பது அவசியம். அவரிடம் “கொஞ்சமாகத்தான் பயன்படுத்துகிறேன்” என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. திரவத்தின் செறிவு என்ன, ஒரு நாளில் எத்தனை மில்லிலிட்டர் தீர்கிறது, காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் இழுப்பு தேவைப்படுகிறது, இடையில் சிகரெட்டும் புகைக்கிறீர்களா என்ற விவரங்களை மறைக்காமல் சொன்னால்தான், எந்த அளவுப் பட்டையில் தொடங்கலாம் என்று அவரால் கணிக்க முடியும்.