மும்பைக்கு வரும் டேங்கர் கப்பலைப் பின்தொடர்வது எப்படி?

மும்பையின் செம்பூரிலோ மாட்டுங்காவிலோ உள்ள தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிள்ளையோ மருமகனோ டேங்கரில் பணியாற்றினால், ‘கப்பல் இப்போது எங்கே?’ என்ற கேள்வி அந்த வீட்டில் ஓய்வதில்லை. விடை தேடுபவர் முதலில் கப்பலின் பெயரை நம்புவதை விட வேண்டும். ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடுகின்றன; விற்கப்படும்போது பெயரும் கொடியும் மாறிவிடுகின்றன. ஏழு இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.ஓ. (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண் மட்டுமே, கட்டிய நாள் முதல் உடைக்கும் நாள் வரை அந்தக் கப்பலுடனேயே இருக்கும்.

கையில் உள்ள எண் சரிதானா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம் ஏழாம் இலக்கமாக அமைய வேண்டும். 9074729 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 139. கடைசி இலக்கம் 9 என்பதால் கணக்கு பொருந்துகிறது. போனில் கேட்டு எழுதிக்கொண்ட எண்ணில் நேரும் பிழை பெரும்பாலும் இதிலேயே பிடிபட்டுவிடும்.

அடுத்து, கப்பல்களின் இருப்பிடத்தை வரைபடத்தில் காட்டும் மரைன் டிராஃபிக், வெசல் ஃபைண்டர் போன்ற இணையதளம் ஒன்றில் அந்த எண்ணை இட்டுத் தேடுங்கள். கப்பலில் உள்ள ஏ.ஐ.எஸ். எனும் தானியங்கி அடையாளக் கருவி, ஓடும்போது 2 முதல் 10 வினாடிகளுக்கு ஒரு முறையும், நங்கூரமிட்டிருக்கும்போது 3 நிமிடங்களுக்கு ஒரு முறையும் இருப்பிடத்தை ஒலிபரப்புகிறது. ஆனால் அது வி.எச்.எஃப். எனும் குறுகிய தொலைவே எட்டும் வானொலி அலைவரிசையில் செல்வதால், கரையிலுள்ள ஏற்பிகளுக்குச் சில பத்துக் கடல் மைல் தொலைவு வரைதான் எட்டும். அதற்கு அப்பால் செயற்கைக்கோள்தான் பிடிக்க வேண்டும், அந்தத் தகவலுக்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. ஆகவே அரபிக் கடலின் நடுவே கப்பல் இரண்டு நாள் ‘காணாமல் போனால்’ பதற வேண்டியதில்லை. வரைபடப் புள்ளியைவிட, அது எப்போது பதிவானது என்பதையே முதலில் பாருங்கள்; நேரம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பாரசீக வளைகுடாப் பக்கம் ஜி.பி.எஸ். குறுக்கீடு நேரும்போது கப்பல் தரையில் நிற்பதாகக்கூடக் காட்டும்!

தளம் காட்டும் சேருமிடமும் மூழ்கு ஆழமும் (கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் இறங்கியிருக்கும் ஆழம்) மாலுமிகள் ஏ.ஐ.எஸ். கருவியில் கையால் பதிபவை. மாற்ற மறந்தால் பழைய துறைமுகமே காட்டிக்கொண்டிருக்கும். ஆயினும் மூழ்கு ஆழம் பயனுள்ள குறிப்பு: முந்தைய பயணத்தைவிட அது நன்றாகக் குறைந்திருந்தால், சரக்கை இறக்கிவிட்டார்கள் என்று ஊகிக்கலாம். மும்பைத் துறைமுகத்தில் கச்சா எண்ணெய், கடலடிக் குழாய்களால் மாகுல் சுத்திகரிப்பு ஆலைகளுடன் இணைந்த ஜவஹர் தீவில் இறங்குகிறது. இடம் கிடைக்கும் வரை கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருப்பது வழக்கம் என்பதால், தளம் காட்டும் வருகை நேரத்தை நம்பிச் சமைத்து வைத்துவிடாதீர்கள்.

உரிமையாளர், நிர்வாக நிறுவனம், துறைமுகச் சோதனைகளின் முடிவுகள் ஆகியவற்றை எக்வாசிஸ் தளத்தில் இலவசமாகப் பதிவு செய்து பார்க்கலாம். அங்கே உரிமையாளரும் நிர்வாகியும் வெவ்வேறு பெயர்களில் இருப்பது இயல்பு. கப்பலை அன்றாடம் நடத்துவது பெரும்பாலும் இரண்டாமவர்தான்.