ரிசல்ட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவில்: பெற்றோர் செய்ய வேண்டியவை

பென்னாகரம், அரூர், ஊத்தங்கரைப் பக்கம் பிள்ளைகள் படிப்பு நிற்பது மார்க் குறைந்ததால் மட்டும் இல்லை. மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும். ஜூலைக்குள் பையன் ஓசூர் கம்பெனி வேனில் ஏறியிருப்பான், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். என் அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறேன். அதில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை சான்றிதழ். ரிசல்ட் வந்த பிறகு ஓடாதீர்கள், அப்போது இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது. வெளியூரில் வேலை செய்கிறவர்கள் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதே முடித்துவிடுங்கள். விஏஓ விசாரிக்கும்போது அப்பாவோ அம்மாவோ ஊரில் இருப்பது நல்லது. சாதி, வருமானம், முதல் பட்டதாரி என்று மூன்றும் வேண்டும். அதற்கு முன்னால் ஆதார், ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரையும் இனிஷியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும். சித்தேரி மாதிரி மலைக்கிராமங்களில் எஸ்டி சான்றிதழ் கேட்பவர்களுக்குத் தாசில்தார் தர மாட்டார், கோட்டாட்சியர்தான் தருவார். விசாரணை இழுக்கும். பத்தாவது படிக்கும்போதே மனு கொடுங்கள்.

முதல் பட்டதாரி கட்டணச் சலுகை ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான். இன்ஜினியரிங் கவுன்சிலிங் போகிற பிள்ளைக்கு அது பெரிய தொகை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எட்டாவது முடிந்ததும் வட்டிக்கு வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கிறீர்களே, அதை யோசித்துச் செய்யுங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நடுவில் பள்ளி மாற்றினால் அந்தக் கதவு மூடிவிடும்.

அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அரசு தருவது மாதம் 1,000 ரூபாய். ஐடிஐ, பாலிடெக்னிக்குக்கும் உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். சேர்ந்த மாதமே பணம் வராது. அதனால் முதல் செமஸ்டருக்கான பஸ், நோட்டு, துணிச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே அனுப்புங்கள். வீடு தூரமென்றால் அரசு விடுதிக்கும் அதே நாளில் மனு போடுங்கள்.

பணம் பற்றாமல் போனால் வாரக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டாதீர்கள், அது அம்மாவின் கூலியைத் தின்றுவிடும். வித்யாலட்சுமி இணையதளத்தில் கல்விக் கடனுக்குப் பதிவு செய்யுங்கள். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது, பெற்றோர் கையெழுத்துப் போதும். வங்கியில் முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

‘ஒரு வருஷம் கம்பெனிக்குப் போகட்டும், அப்புறம் படிக்கட்டும்’ என்பதுதான் எல்லா வீட்டிலும் வருகிற பேச்சு. வீட்டு நிலைமையைக் குறை சொல்ல மாட்டேன், அடுப்பு எரிய வேண்டும். ஆனால் அப்படிப் போனவர்களில் திரும்பிப் படிக்க வந்தவர்களை அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். கையில் சம்பளம் வந்ததும் வீட்டுச் செலவு அதற்கேற்ப வளர்ந்துவிடுகிறது. நாலு வருஷம் காத்திருக்க முடியாத வீடு பாலிடெக்னிக்கைப் பாருங்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்துப் பிளஸ் டூ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், இரண்டே வருஷத்தில் டிப்ளமோ. பிறகு வேலைக்குப் போகலாம், பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம்.

சேர்க்கை நாளன்று எல்லாச் சான்றிதழுக்கும் நிறைய ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். டிசியைக் கல்லூரியில் வாங்கிக்கொள்வார்கள். மற்ற மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் அங்கேயே நின்று கேட்டு வாங்குங்கள். சீட் பிடித்துத் தருவதாகச் சொல்லும் தரகர் கையில் ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள்.