வென்னீர் வாளியில் விழுந்த போன்: மலைக்குளிரில் காயவைப்பது எப்படி?

போன ஐப்பசியில், கோத்தகிரி வீட்டில், காலை ஆறரை மணிக்கு வென்னீர் வாளியைத் தூக்கக் குனிந்தேன். சட்டைப் பையிலிருந்த போன் நேராக உள்ளே போய்விட்டது. வாங்கும்போது ‘ஐபி68, தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில் துடைத்த கையோடு வாட்ஸ்அப்பைத் திறந்தேன். பத்து நிமிடத்தில் திரை வரிவரியாகி அணைந்தது.

ஐபி68 என்பது தூசியையும் தண்ணீரையும் போன் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் தரக் குறியீடு. அதற்கான சோதனை சாதாரண நல்ல தண்ணீரில் நடப்பது. ஆவி பறக்கும் வென்னீர், சோப்புத் தண்ணீர், டீ எதுவும் அந்தக் கணக்கில் வராது. போன் பழசாக ஆக உள்ளே இருக்கும் ரப்பர், பசை அடைப்புகளும் தளர்ந்துவிடும்.

முதல் வேலை, ஆஃப் செய்வது

எடுத்ததும் ‘வேலை செய்யுதா’ என்று பார்க்கத்தான் கை போகும். அங்கேதான் தப்பு செய்கிறோம். தண்ணீர் மட்டும் இருந்தால் போன் பிழைக்க வழி உண்டு. ஈரத்தில் கரன்ட் ஓடும்போதுதான் போர்டில் இருக்கும் செம்பு அரித்துப் பச்சை பூக்கும். தானாக அணைந்திருந்தால் அப்படியே விடுங்கள். சார்ஜரில் மாட்டியிருந்தபோது நனைந்ததென்றால், முதலில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு அப்புறம் போனைத் தொடுங்கள்.

பிறகு கழற்றுவது

கவரைக் கழற்றி, சிம் தட்டை வெளியே எடுங்கள். ஊசி இல்லையென்றால் மெல்லிய கம்மலின் திருகாணித் தண்டு போதும். ஆனால் சரியான ஓட்டையில் விடுங்கள். பக்கத்திலேயே மைக் ஓட்டை இருக்கும். அதைக் குத்தினால் அது தனிச் செலவு.

தட்டுவது

சார்ஜர் துளை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெல்லத் தட்டுங்கள். உதறினால் தண்ணீர் இன்னும் உள்ளே போகும். வாயால் ஊதுவதும் அப்படித்தான். துளைக்குள் பஞ்சோ காகிதமோ திணிக்க வேண்டாம்.

அரிசி வேண்டாம்

நான் இதைச் செய்வதற்குள் அம்மா இட்லி அரிசி டப்பாவைத் திறந்து வைத்துவிட்டார். ‘எல்லாரும் அப்படித்தான்டா பண்றாங்க.’ ஆமாம், உலகம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள். 2024 தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனமே, ‘ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள், அரிசித் துகள் உள்ளே போய்ப் பழுதாக்கலாம்’ என்று உதவிக் குறிப்பில் எழுதியது. அது பெரிய செய்தியாக ஓடியது. துகளை விடுங்கள், ஐப்பசி மழையில் நம் வீட்டு அரிசியே நமுத்துப்போய்க் கிடக்கிறது. அது எங்கே போனின் ஈரத்தை இழுக்கப்போகிறது?

காயவைப்பது: மலையில் இதுதான் கஷ்டம்

‘காற்றோட்டமான, உலர்ந்த இடத்தில் வையுங்கள்’ என்பார்கள். கீழே கோயம்புத்தூரில் அது சரி. இங்கே மூன்று நாள் தொங்கினாலும் துண்டு காயாது. பல வீடுகளில் ஃபேனே கிடையாது. ஹீட்டர் முன்னாலோ கணப்புப் பக்கத்திலோ வைக்கலாமா என்றால், கூடவே கூடாது. சூடு பேட்டரிக்கும் ஆகாது, திரையின் பசைக்கும் ஆகாது. தேயிலைத் தொழிற்சாலையில் பச்சைக் கொழுந்தை வாட்டும்போது கூட முக்கிய வேலை அடியிலிருந்து ஓடும் காற்றுக்குத்தான். டேபிள் ஃபேன் கிடைத்தால் அதன் முன்னால் வையுங்கள்.

கிடைக்காவிட்டால் சிலிக்கா ஜெல். செருப்புப் பெட்டிக்குள் வருமே, அந்தப் பொட்டலங்கள்தான். ஒன்றிரண்டு போதாது, ஒரு கைப்பிடியாவது வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் போனைச் சுற்றி அடுக்கி மூடுங்கள். டப்பாவுக்குள் இருக்கும் காற்று காய்ந்தால்தான் போன் காயும். அதனால் அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் அவை ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டன என்று அர்த்தம். குழந்தைகள் கைக்கு எட்ட விடாதீர்கள்.

முழுதாகக் காய 24 மணி நேரம் வரை ஆகலாம் என்கிறது அந்த ஆப்பிள் குறிப்பு. மழைக்காலத்தில் இங்கே இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வதுதான் என் கணக்கு.

ஆன் செய்யும் முன்

கேமரா கண்ணாடியை வெளிச்சத்தில் பாருங்கள். உள்பக்கம் மூடுபனி போலப் படிந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்ப டப்பாவுக்கே போகட்டும். தெளிவாக இருந்தால் சார்ஜர் இல்லாமல் ஆன் செய்யுங்கள். சார்ஜ் போடுவது கடைசி வேலை. முதுகு உப்பியிருந்தால் எதையும் செய்யாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். விழுந்தது டீயிலோ சோப்புத் தண்ணீரிலோ என்றால் காயவைத்து மட்டும் பயனில்லை. சர்க்கரையும் சோப்பும் உள்ளேயே தங்கிவிடும், பிரித்துக் கழுவித்தான் ஆக வேண்டும்.

என் போன் மூன்றாம் நாள் உயிர் பெற்றது. ஸ்பீக்கர் மட்டும் ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி பேசுகிறது. பல போன்களில் சிம் தட்டு இருந்த இடத்துக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், தண்ணீர் பட்டால் சிவக்கும். வாரன்டி கேட்டுப் போனால் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது அதைத்தான். என்னுடையது நன்றாகச் சிவந்திருக்கிறது. இப்போது குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு ஆணி அடித்துத் துணிப்பை மாட்டியிருக்கிறேன்.