கத்திரி வெயிலில் பறவைகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? புதிதாகப் பறவை பார்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

காலை ஆறு மணிக்குப் போங்கள், ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுங்கள் என்றுதான் புதிதாகப் பறவை பார்க்க வருபவர்களுக்குச் சொல்வோம். பட்டியலில் நிறையப் பறவைகள் சேர வேண்டுமென்றால் அது நல்ல யோசனைதான். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும் இந்த வெயிலைப் பறவைகள் எப்படிச் சமாளிக்கின்றன என்று தெரிந்துகொள்ள, மதியம் போனால்தான் உண்டு.

கருவி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, பேனா, கைக்கடிகாரம், கடையில் கிடைக்கும் சாதாரண வெப்பமானி போதும். பைனாகுலர் இருந்தால் நல்லது. கரூர், திருநெல்வேலி, ராமநாதபுரம், கோவைக்குக் கிழக்கே உள்ள மேட்டுக்காடு போன்ற வறண்ட இடங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டுத் தோட்டத்திலும் செய்யலாம்.

தொடங்கும் முன் கொஞ்சம் உடலியல்

பறவையின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். நமக்கு 37. சுற்றியுள்ள காற்று உடலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை வெப்பம் தானாக வெளியேறும். காற்று உடலைவிடச் சூடாகிவிட்டால் வெப்பம் உள்ளே வரத் தொடங்கும். அப்போது பறவைக்கு மிஞ்சும் ஒரே வழி உடலிலிருக்கும் நீரை ஆவியாக்குவதுதான். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். காற்று உலர்ந்திருந்தால் நன்றாக வேலை செய்யும், கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவாகச் செய்யாது.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. காகம், மைனா, சிட்டுக்குருவி போன்றவை வாயைத் திறந்து மூச்சிரைத்து நீரை ஆவியாக்குகின்றன. புறாக்கள் மட்டும் தோல் வழியாகவே நிறைய நீரை வெளியேற்ற வல்லவை. அதனால்தான் மைனா வாய் பிளந்து நிற்கும் அதே மதியத்தில் பக்கத்துக் கம்பியில் புறா வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

படி 1: ஒரே இடம், இரண்டு நேரம்

கொஞ்சம் வெட்டவெளி, இரண்டு மூன்று மரம், முடிந்தால் ஒரு நீர்நிலை. இவை மூன்றும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். காலை ஏழு மணி வாக்கில் அரை மணி நேரம், மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் அரை மணி நேரம். காலைக் குறிப்பு இல்லாமல் மதியக் குறிப்புக்கு அர்த்தமில்லை, ஒப்பிட ஒன்று வேண்டும்.

நீங்கள் நிழலில் உட்காருங்கள். தொப்பி, தண்ணீர் கட்டாயம். தலை சுற்றினால் அன்றைக்கு அத்தோடு போதும்.

படி 2: வெப்பத்தை நிழலில் அளங்கள்

வெப்பமானியை வெயில் படாமல், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். வெயிலில் வைத்தால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது, தான் சூடான அளவைத்தான் காட்டும். கைப்பேசியில் தெரியும் எண் தொலைவிலுள்ள ஏதோ ஒரு நிலையத்தின் எண்ணாக இருக்கலாம். உங்கள் வேப்பமரத்தடிக்கும் அதற்கும் சில டிகிரி வித்தியாசம் வரும்.

படி 3: உடம்பைப் படியுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். ஒரு பறவையை எடுத்துக்கொண்டு மேலிருந்து கீழாகப் பாருங்கள்.

வாய் திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் அடுத்து நெஞ்சைப் பாருங்கள். காகமும் மைனாவும் இரைக்கும்போது நெஞ்சும் வயிறும் சேர்ந்து ஏறி இறங்கும். நீர்க்காகம், கூழைக்கடா, கொக்கு, பக்கி போன்றவற்றில் தொண்டைத் தோல் மட்டும் படபடவென்று துடிக்கும், நெஞ்சு அவ்வளவாக அசையாது. மெல்லிய தோலை மட்டும் ஆட்டுவதற்குச் செலவாகும் ஆற்றல் குறைவு. நெஞ்சையே ஆட்டி இரைக்கும் பறவை, வெப்பத்தை வெளியேற்றும் வேலையிலேயே இன்னும் கொஞ்சம் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்கிறது.

இறக்கை? வெப்பம் ஏறும்போது தோள்பட்டையை உடலிலிருந்து சற்று விலக்கிப் பிடிக்கும். இறக்கைக்கு அடியில் இறகு குறைவு, அங்கே காற்றுப் பட்டால் வெப்பம் வெளியேறும். இறகுகள் உடலோடு படிந்து பறவை ஒல்லியாகத் தெரியும்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் ஓர் இடம் உண்டு. மைனாவும் தவிட்டுக்குருவியும் சில நேரம் வேண்டுமென்றே வெயிலில் படுத்து, இறகைச் சிலிர்த்து, இறக்கையையும் வாலையும் விரித்து, வாயையும் பிளந்துகொண்டு கிடக்கும். அது வெயில் காய்தல். வெப்பத்தால் தவிக்கும் பறவை நிழலைத் தேடும், இறகைப் படியவைக்கும். வெயில் காயும் பறவை வெயிலிலேயே கிடக்கும், இறகைத் தூக்கியிருக்கும். எழுதும் முன் இதைச் சரிபாருங்கள்.

கால்களையும் விடாதீர்கள். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் சங்குவளை நாரைகள் கூடு கட்டியிருக்கும் பருவத்தில் போனால், சில நாரைகளின் கால்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருப்பதைப் பார்க்கலாம். எச்சத்தைத் தன் கால் மேலேயே கழிக்கிறது. அதிலுள்ள நீர் ஆவியாகும்போது காலில் ஓடும் இரத்தம் குளிர்கிறது. நாரைக் குடும்பத்துக்கே உள்ள பழக்கம் இது. அதே கூட்டில் தாயோ தந்தையோ சூரியனுக்கு முதுகு காட்டி, இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நிற்பதையும் கவனியுங்கள்.

படி 4: கொத்தலை எண்ணுங்கள்

இந்தப் பயிற்சியிலேயே முக்கியமானது இதுதான். வாய் பிளந்து நிற்கும் பறவையைப் பார்த்ததும் 'ஐயோ, செத்துவிடுமோ' என்று நமக்குப் பதறுகிறது. சில வெப்ப அலைகளில் பறவைகள் கூட்டமாகச் செத்ததும் உண்மைதான். 2010 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹோப்டவுன் அருகே அழியும் நிலையிலுள்ள கார்னபி கருங்காக்கட்டு என்ற கிளிகள் ஒரே வெப்ப நாளில் நூற்றுக்கு மேல் மாண்டன. ஆனால் பெரும்பாலான நாட்களில் இழப்பு வேறு வகையில் நடக்கிறது. இரைப்பதற்காகத் திறந்திருக்கும் அலகால் இரையைக் கொத்துவது கடினம். நிழலுக்கு ஒதுங்கிய பறவைக்கு அந்த நிழலில் இரை கிடைக்க வேண்டுமென்றும் இல்லை. சாவு இல்லை, ஆனால் ஒரு வேளைச் சாப்பாடு போய்விடுகிறது.

தென்னாப்பிரிக்காவின் களகாரி வறண்ட நிலத்தில் இதைத் துல்லியமாக அளந்திருக்கிறார்கள். அங்குள்ள கறுப்பு வெள்ளைச் சிலம்பன்கள் நம் தவிட்டுக்குருவிக்கு உறவு, ஒரே குடும்பம். இவற்றைப்போலவே கூட்டமாகத் தரையைக் கிளறித் தின்பவை. ஆய்வாளர்களிடம் பழகிப்போனதால் காட்டுப் பறவையாக இருந்தும் தாமாகவே தராசில் ஏறி நிற்கும். காலையும் மாலையும் எடை பார்த்ததில் தெரியவந்தது: பகலின் உச்ச வெப்பம் 35.5 டிகிரியைத் தாண்டிய நாட்களில், இரவில் இழந்த எடையைப் பகல் முழுக்கத் தேடியும் அவற்றால் ஈடுகட்ட முடியவில்லை. அதே களகாரியில் மஞ்சள் அலகு இருவாச்சியைக் கூட்டுப் பெட்டிகள் வைத்துக் கண்காணித்தார்கள். 2008–2011 காலத்தில் 58 விழுக்காடு கூடுகளில் ஒரு குஞ்சாவது பறக்கும் நிலைக்கு வந்தது. 2016–2019ல் அது 17 விழுக்காடு. பெண் பறவை பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்கிறது, வெளியே இரை தேடும் ஆண் பறவையை நம்பித்தான் அதுவும் குஞ்சுகளும் இருக்கின்றன. அந்த ஆண் பகலெல்லாம் நிழலில் நின்று இரைத்துக்கொண்டிருந்தால் உள்ளே பட்டினிதான்.

களகாரியின் 35.5 டிகிரியை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது. கரூரில் மார்ச் மாதத்திலேயே அந்த வெப்பம் வந்துவிடும். நம் பறவைகளின் வரம்பை நாம்தான் இங்கே பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். செய்முறை எளிது:

1. தவிட்டுக்குருவிக் கூட்டத்தில் ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்கள்.
2. ஐந்து நிமிடம் அதை மட்டும் பாருங்கள். தரையைக் கொத்தும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போடுங்கள். ஏதாவது விழுங்கினால் அந்தக் கோட்டை வட்டமிடுங்கள்.
3. அது நிழலில் இருந்ததா, வெயிலிலா, வாய் திறந்திருந்ததா என்று நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள்.
4. மதியம் அதே இடத்தில் திரும்பச் செய்யுங்கள்.

பறவை புதருக்குள் மறைந்துவிட்டால் அந்தக் கணக்கை விட்டுவிட்டு அடுத்ததில் தொடங்குங்கள். ஊகித்து நிரப்ப வேண்டாம். நோட்டில் இப்படி இருந்தால் போதும்: 'மதியம் 1.40, நிழலில் 38 டிகிரி, வேம்பு நிழல், கொத்தல் 9, விழுங்கியது 2, வாய் திறப்பு 5ல் 4.'

படி 5: கூடுகளைத் தூரத்திலிருந்து மட்டும்

ஆள்காட்டி வெறும் தரையில் முட்டையிடும். மதிய வெயிலில் அது முட்டை மேல் படுப்பதில்லை, மேலே நின்று நிழல் கொடுக்கும். கருவுக்கு 40 டிகிரிக்கு மேல் நீடித்தால் பிழைப்பது கடினம். சில நேரம் அருகிலுள்ள தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையை ஈரமாக்கும். கல்கவுதாரியில் ஆண் பறவை வயிற்று இறகில் நீரை ஏந்திப் பல கிலோமீட்டர் பறந்து குஞ்சுகளுக்குக் குடிக்கக் கொடுக்கும்.

இதையெல்லாம் கிட்டத்தில் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். தயவுசெய்து போகாதீர்கள். உங்களைக் கண்டு ஆள்காட்டி கத்திக்கொண்டு எழுந்து சுற்றும் சில நிமிடங்களில் அந்த முட்டைகள் நேர் வெயிலில் வேகின்றன. பறவை கத்தத் தொடங்கினால் நீங்கள் அதிகமாக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அது திரும்ப வந்து முட்டை மேல் நிற்கும்வரை பின்னால் போங்கள்.

படி 6: தண்ணீரும் சருகும்

அகலமான, ஆழம் குறைந்த மண்சட்டி. மூன்று நான்கு சென்டிமீட்டர் தண்ணீர், நடுவில் நிற்க ஒரு கல். நிழலில், பூனை பதுங்க முடியாத இடத்தில் வையுங்கள். தினமும் தேய்த்துக் கழுவி நீர் மாற்றுங்கள்.

வெயிலில் சுருண்டு விழுந்த பறவையைக் கண்டால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து, நிழலான அமைதியான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒரு மணி நேரத்தில் தெளியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

தண்ணீர் வைப்பதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியைச் சருகிலும் காட்டினால் நல்லது. மரத்தடியில் கிடக்கும் இலைச்சருகுதான் நிழலும் இரையும் ஒன்றாகக் கிடைக்கும் இடம். கறையான், பூச்சி, புழு எல்லாம் அதற்கடியில்தான் இருக்கின்றன. அதைக் கூட்டிக் கொளுத்திவிட்டால் மதியத்தில் தவிட்டுக்குருவிக்கு நிழல் இருக்கும், சாப்பாடு இருக்காது. இந்தக் கோடையில் ஒரு மரத்தடியைக் கூட்டாமல் விட்டுவிடுங்கள். கூட்டிய மரத்தடியிலும் கூட்டாத மரத்தடியிலும் ஒரே மதியத்தில் படி 4ன் கணக்கை எடுத்துப் பாருங்கள். குறிப்புகளை வெப்பநிலையோடு சேர்த்து பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் உங்கள் பறவைப் பட்டியலின் குறிப்புப் பகுதியில் பதியுங்கள்.