லண்டனில் தெரியாத ஆட்டம் நியூஜெர்சியில் தெரியும்

இங்கிலாந்துக்கே போய்விட்டால் அந்த நாட்டுப் பிரீமியர் லீக் கால்பந்தில் வாரம் பத்து ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று நினைத்துத்தான் நானும் விமானம் ஏறினேன். சென்னையில் ஒரே செயலியில் ஏறக்குறைய எல்லா பிரீமியர் லீக் ஆட்டங்களும் வந்துவிடும். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தால் போதும். லண்டன் ஈஸ்ட் ஹாமில் அறை எடுத்த முதல் சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கார அண்ணனின் டிவி முன்னால் போய் உட்கார்ந்தேன். திரையில் நாலு முன்னாள் ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தங்கள் முன்னால் இருந்த டிவியில் ஆட்டம் பார்த்து ‘ஆ’, ‘ஓ’ என்று கத்த, நாம் அவர்கள் முகத்தைப் பார்த்துக் கோலைப் புரிந்துகொள்ள வேண்டும். அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். “தம்பி, மூண்டு மணி மேட்ச் இஞ்ச டிவியில காட்டமாட்டினம்” என்றார், ஏதோ மழை பெய்கிறது என்று சொல்வதுபோல.

புதிதாக வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இங்கிலாந்தில் சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையில் காட்டக் கூடாது. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்டு கிளப்பி வைத்த பயம் இது. பெரிய ஆட்டம் டிவியில் ஓடினால் சின்ன ஊர்க் கிளப்புக்கு டிக்கெட் வாங்கி யார் வருவார்கள் என்று கேட்டார், மற்றத் தலைவர்களும் தலையாட்டினார்கள். மனிதர் சொன்னதோடு நிற்கவில்லை, பல வருடம் தன் மைதானத்துக்குள் டிவி கேமராவையே விடவில்லை. இப்போது அந்த விதிக்கு ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் சட்டப் பிரிவு 48 துணை. 2020இல் கொரோனாவால் மைதானங்கள் பூட்டிக் கிடந்தபோது தளர்த்தினார்கள், பிறகு திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சீசனில் 380 ஆட்டங்கள். 2025-26இல் தொடங்கிய ஒளிபரப்பு ஒப்பந்தப்படி, கட்டணச் சேனல்களான ஸ்கை ஸ்போர்ட்ஸுக்குக் குறைந்தது 215, டிஎன்டி ஸ்போர்ட்ஸுக்கு 52. இரண்டுக்கும் பணம் கட்டினாலும் நூற்றுச்சொச்சம் ஆட்டங்கள் நேரலையில் கிடைக்காது. உங்கள் அணி சின்ன அணி என்றால் இந்தப் பள்ளத்தில் அடிக்கடி விழும். சனிக்கிழமை பகல் 12.30 ஆட்டம் டிஎன்டியில். மாலை 5.30, ஞாயிறு, வெள்ளி, திங்கள் ஆட்டங்கள் ஸ்கையில். இரண்டு வெவ்வேறு சந்தா.

வந்த வேகத்தில் சந்தாவில் கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஐந்து மாதத்தில் அறை மாறினேன், புது வீட்டில் டிஷ் மாட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, ஒப்பந்தம் முடியும்வரை பார்க்காத டிவிக்குப் பணம் கட்டினேன். நிரந்தர முகவரி கிடைக்கும்வரை நவ் என்ற செயலியில் ஒரு நாளைக்கு மட்டும் ஸ்கை ஸ்போர்ட்ஸ் வாங்கிக்கொள்ளலாம். மாதம் ஒரு பெரிய ஆட்டம் போதும் என்பவர்களுக்கு அதுவே லாபம்.

அப்புறம் டிவி லைசன்ஸ். எந்தச் சேனலை எந்தக் கருவியில் நேரலையாகப் பார்த்தாலும் இது வேண்டும். ஸ்கைக்குத் தனியாகப் பணம் கட்டுகிறேனே என்று வாதாட முடியாது. 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174.50 பவுண்டு என்று ஆனது, அடிக்கடி ஏறும். பகிர்ந்து வாழும் வீட்டில் எல்லோரும் ஒரே வாடகை ஒப்பந்தத்தில் இருந்தால் பொதுவாக ஒரு லைசன்ஸ் போதும். அறைக்கு அறை தனி ஒப்பந்தம் என்றால் உங்கள் அறைக்கு நீங்களே எடுக்க வேண்டும். மாணவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். மாட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம்.

பணமே செலவழிக்க மனமில்லையா? மூன்று மணி ஆட்டத்துக்கு பிபிசி ரேடியோ 5 லைவ் இருக்கிறது, ரேடியோவுக்கு லைசன்ஸ் கிடையாது. கிரிக்கெட் வர்ணனையை டிரான்சிஸ்டரில் கேட்டு வளர்ந்த அப்பாக்களின் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. ராத்திரி பிபிசியில் மேட்ச் ஆஃப் த டே. 1964 ஆகஸ்டில் லிவர்பூல்–ஆர்சனல் ஆட்டத்தோடு தொடங்கிய நிகழ்ச்சி, அன்றைய ஆட்டங்களின் சுருக்கத்தைக் காட்டும். அதுவரை ஆட்ட முடிவு தெரியாமலிருக்கக் காதைப் பொத்திக்கொண்டு திரிகிறவர்கள் இன்றும் உண்டு.

பப்புக்கும் போகலாம், குடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரு ஆரஞ்சு ஜூஸ் வாங்கினால் போதும். பப்புகளுக்கான ஸ்கை ஒளிபரப்பில் திரை ஓரத்தில் ஒரு சின்ன பீர் கிளாஸ் படம் தெரியும். அது இல்லையென்றால் கடைக்காரர் வீட்டு இணைப்பை வைத்து ஓட்டுகிறார் என்று சந்தேகப்படலாம். போர்ட்ஸ்மத்தில் பப் நடத்திய கேரன் மர்பி என்பவர் ஸ்கைக்குப் பதிலாகக் கிரேக்க நாட்டு டிகோடர், அதாவது அந்த நாட்டு ஒளிபரப்பைத் திறந்து காட்டும் பெட்டி, வாங்கி ஆட்டம் காட்டினார். அபராதம் போட்டார்கள். அவர் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2012இல் தண்டனையை ரத்து செய்ய வைத்தார். ஒரு டிகோடருக்காக ஐரோப்பாவின் உச்ச நீதிமன்றம்! இந்த ஊரில் கால்பந்து எவ்வளவு பெரிய வியாபாரம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் என்னைக் கேட்டால், மூன்று மணிக்குச் செய்ய வேண்டியது வேறு. பாப் லார்டு ஆசைப்பட்டதைச் செய்யுங்கள், மைதானத்துக்குப் போங்கள். கிழக்கு லண்டனில் இருப்பவர்களுக்கு லேட்டன் ஓரியண்ட் என்ற சின்னக் கிளப்பின் மைதானம் பஸ் தூரத்தில். பிரீமியர் லீக் டிக்கெட் போல உறுப்பினர் அட்டை, குலுக்கல் என்று அலைய வேண்டாம். பக்கத்து இருக்கைத் தாத்தா ஐம்பது வருடமாக அதே இருக்கையில் உட்கார்ந்து அதே அணியைத் திட்டிக்கொண்டிருப்பார். நான் பேச்சு ஆங்கிலம் கற்றது அங்கேதான், அதில் பாதியை அலுவலகத்தில் பயன்படுத்த முடியாது என்பது வேறு விஷயம்.

நான்கு வருடம் கழித்து வேலை நியூஜெர்சிக்கு மாறியது. அங்கே போனால் கதையே தலைகீழ். 2013 முதல் அமெரிக்காவில் பிரீமியர் லீக் ஒளிபரப்பு என்பிசி டிவி குழுமத்திடம் இருக்கிறது, 380 ஆட்டமும் ஏதாவது ஒரு வழியில் நேரலையில் வரும். இங்கிலாந்தில் மறைக்கப்படும் மூன்று மணி ஆட்டங்கள் அத்தனையும் இங்கே காலை பத்து மணிக்குத் திறந்து கிடக்கும்.

இங்கே குழப்பம் எந்தப் பெட்டியில் எது என்பதுதான். என்பிசியின் பீகாக் செயலி மட்டும் வாங்கினால் எல்லாம் வரும் என்று நினைக்காதீர்கள். சில ஆட்டங்கள் பீகாக்கில் மட்டும், சில யுஎஸ்ஏ நெட்வொர்க் என்ற கேபிள் சேனலில். அதற்கு யூடியூப் டிவி, ஸ்லிங் மாதிரி ஒரு தொகுப்பு வேண்டும், செலவு அங்கேதான் எகிறும். என் யோசனை, முதல் சீசன் பீகாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் அது மாதம் 10.99 டாலர். கடையில் சாதாரண ஆன்டெனா ஒன்று வாங்கி ஜன்னலில் ஒட்டினால் என்பிசியில் வரும் ஆட்டங்கள் இலவசம். இதே கிளப்புகள் ஆடும் மற்றப் போட்டிகள் வேறு இடங்களில்: எஃப்ஏ கோப்பை இஎஸ்பிஎன்னில், லீக் கோப்பையும் சாம்பியன்ஸ் லீகும் பாரமவுண்ட் பிளஸ் செயலியில். எல்லாவற்றையும் வாங்கினால் வாடகை கொடுக்க முடியாது.

இங்கே உண்மையான விலை தூக்கம். லண்டனின் பகல் 12.30 ஆட்டம் கிழக்குக் கரையில் காலை 7.30, கலிபோர்னியாவில் விடிகாலை 4.30. கலிபோர்னியாவில் காலை ஆறுக்கு முன் மது விற்கக் கூடாது, எனவே அந்த நேரத்தில் திறக்கும் பார்களில் ஆட்டத்தின் பெரும்பகுதி காபிதான். கடிகார மாற்றத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாவது ஞாயிறு மாற்றும், பிரிட்டன் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் ஆட்டம் ஒரு மணி நேரம் தாமதமாக வரும், அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் அப்படித்தான். நான் ஒருமுறை இது தெரியாமல் ஏழரைக்கே எழுந்து காலித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாக்கர் என்ற சொல்லைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். அது அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததில்லை. ‘அசோசியேஷன்’ என்பதைச் சுருக்கி 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள் வைத்த செல்லப் பெயர்.

தனியாகப் பார்க்க அலுத்தால் உங்கள் அணியின் ரசிகர் மன்றம் எந்த பாரில் கூடுகிறது என்று தேடுங்கள், பெரிய ஊர்களில் நிச்சயம் ஒன்று இருக்கும். நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு எதிரில் லெஜண்ட்ஸ் என்று ஒரு பார், அதன் கீழ்த்தளம் சனிக்கிழமை காலையில் பாட்டும் கூச்சலுமாக இருக்கும். லண்டன் பப்பில் அறிமுகமில்லாதவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு தலையசைப்போடு சரி. இங்கே பத்து நிமிடத்தில் உங்கள் ஊர், வேலை, விசா வரை கேட்டுவிடுவார்கள்.

ஒன்றே ஒன்று, செயலியில் வரும் ஒளிபரப்பு நிஜ நேரத்துக்கு அரை நிமிடமாவது பிந்தி ஓடும். ஆட்டம் முடியும்வரை வாட்ஸப்பைத் திறக்காதீர்கள், போனையும் எடுக்காதீர்கள். நான் எடுத்துத் தொலைக்கிறேன். ஈஸ்ட் ஹாம் அண்ணனுக்கு வெஸ்ட் ஹாம் மைதானம் பஸ் தூரம், ஆனாலும் மூன்று மணி ஆட்டத்தை அவர் ரேடியோவில்தான் கேட்கிறார். “தம்பி, கோல்! கோல்! எப்பிடி அடிச்சவன், சொல்லு!” என்று அவர் கத்தும்போது, என் திரையில் பந்து இன்னும் நடுக்கோட்டைத் தாண்டியிருக்காது.