பாம்பன் காற்றுக்குக் கூட்டு வெளியீட்டு ஜாக்கெட்: பார்த்து வாங்குவதும் பேணுவதும்

நியூயார்க்கின் சுப்ரீம் நிறுவனமும் மலையேறிகளுக்கான உடைகளைச் செய்யும் நார்த் ஃபேஸ் நிறுவனமும் 2007இல் முதன்முறையாகக் கைகோத்த பிறகு, தெருநாகரிக உடையும் மலைக்கருவியும் ஒரே துணியில் சேர்வது வழக்கமாகிவிட்டது. அவ்வகை ஜாக்கெட் ஒன்றை இராமநாதபுரக் கடற்கரையில் அணிய விரும்புவோர், மார்பிலுள்ள முத்திரையைப் பார்க்குமுன் உட்புறத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

தையல்களின் மேல் ஒரு விரல் அகல நாடா இடைவெளியின்றி ஒட்டப்பட்டிருந்தால்தான் அது மழைக்குரிய உடை. நாடா இல்லையெனில், துணி எத்தனை உயர்ந்ததானாலும் ஊசித்துளைகள் வழியே நீர் இறங்கும். நீர்த்தாங்குதிறன் 10,000 மி.மீ. என்று குறித்திருந்தால், பத்து மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். பழைய வெளியீடுகளை மறுவிற்பனையில் வாங்குவோர் உட்பூச்சை விரலால் தடவிப் பார்க்கட்டும். பாலியூரித்தேன் பூச்சு ஈரப்பதத்தில் நாளடைவில் சிதைந்து, பிசுபிசுத்து, செதிலாக உதிரும். அதை மீட்க வழியில்லை.

நீரைத் தடுத்து ஆவியை மட்டும் வெளியே விடும்படி துணிக்குள் ஒட்டப்படும் கோர்-டெக்ஸ் போன்ற சவ்வுகள், உள்ளே ஈரம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருக்கும்போதுதான் வியர்வையாவியை நன்றாக வெளியேற்றும். நம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிக்காற்றே நனைந்து கிடப்பதால் அந்த வேறுபாடு சுருங்கி, மண்டபத்திலிருந்து பாம்பன் பாலத்தைக் கடப்பதற்குள் முதுகு ஈரமாகிவிடும். ஆகவே அக்குளில் ஜிப் உள்ள, உள்துணியும் திணிப்பும் இல்லாத, வெளியோடு மட்டுமேயான மெல்லிய ஜாக்கெட்டையே நான் பரிந்துரைப்பேன். நார்த் ஃபேஸின் இறகு திணித்த குளிர் ஜாக்கெட்டான நப்ட்சி வகை எத்தனை அழகானதாயினும் இங்கே வேண்டாம். கொடைக்கானல் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடற்காற்றில் சென்றுவந்த அன்றே நன்னீரில் அலச வேண்டும். விட்டுவிட்டால் ஜிப் பற்களிடையே உப்பு வெள்ளையாகப் பூத்து, இழுக்கும்போது மணல் அரைபடும் ஓசை கேட்கும். அதைப் பழைய பல்துலக்கியால் நீர் விட்டுத் தேய்த்து எடுக்கலாம். துவைக்கும்போது சிறிதளவு திரவச் சலவைநீர் போதும், துணி மென்மையூட்டி கூடவே கூடாது. மழைத்துளி முத்தாக உருளாமல் மேல்துணியில் ஊறத் தொடங்கினால், சவ்வு ஓட்டையாகிவிட்டதென்று பதற வேண்டாம். மேல்துணியிலுள்ள நீர்விலக்குப் பூச்சுதான் சோர்ந்திருக்கும். துவைத்து உலர்த்தி, பராமரிப்புச் சீட்டு அனுமதித்தால் மேலே ஒரு துணியை விரித்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். அப்போதும் துளி உருளாவிட்டால், நீர்விலக்குத் தெளிப்பான் வாங்கிப் பூசும் காலம் வந்துவிட்டது.