ஏரி ஒன்று, பெயர் இருபது: துறை தாண்டி ஆய்வுக் களஞ்சியங்களில் தேடும் முறை

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில், ஏரிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘டேங்க்’ என்ற சொல்லைத் தட்டினால் போர்க்கள டேங்க், மீன் தொட்டி, பெட்ரோல் கிடங்கு எல்லாம் வரிசை கட்டி வரும். சரி, ‘ஏரி’ என்றே ஆங்கில எழுத்தில் போடலாம் என்றால் எரி பட்டுப்புழு வந்து நிற்கும். துறை தாண்டித் தேடுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். ஒரே பொருளுக்கு ஒவ்வொரு துறையும் தனிப் பெயர் வைத்திருக்கிறது. பெயரைப் பிடிக்காமல் எத்தனை தளங்களைத் திறந்தாலும் பயனில்லை.

ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்: ஊர் கூடி ஏரியைப் பராமரிக்கும் வழக்கம் ஏன் நின்றது? கல்வெட்டு, காலனிக் கால ஆவணம், பொருளியல், நீரியல், செயற்கைக்கோள் படம், கொசு ஆய்வு என்று இதற்கான பதில் சிதறிக் கிடக்கிறது. கீழே வரும் ஆங்கிலத் தேடுசொற்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். தேடும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

படி 1: சொல் பட்டியல்

ஒரு விரிதாளைத் திறந்து துறைக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். இதற்கு ஒரு மணி நேரம் செலவழித்தாலும் வீணில்லை.

முதலில் வட்டாரப் பெயர்கள். வடமாவட்டங்களில் ஏரி; மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய்; திருநெல்வேலியிலும் ஈழத்திலும் குளம். கண்மாய் ஆங்கிலக் கட்டுரைகளில் கன்மாய், கன்மோய் என இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் வரும். தெலுங்கில் செருவு, கன்னடத்தில் கெரெ, சிங்களத்தில் வெவ. இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தெலங்கானாவின் ஏரிச் சீரமைப்பைப் பற்றிய கட்டுரை ‘செருவு’ என்றுதான் பேசும்.

அடுத்தது துறைப் பெயர்கள். நீரியலார் ‘ஸ்மால் ரிசர்வாயர்’ (சிறு நீர்த்தேக்கம்), ‘பெர்கொலேஷன் டேங்க்’ (நீரை நிலத்துக்குள் இறங்கவிடும் குளம்) என்பார்கள். பொருளியலார் ஏரி என்ற பேச்சையே எடுக்காமல் ‘காமன் பூல் ரிசோர்ஸ்’, அதாவது பொதுவளம், என்று எழுதியிருப்பார்கள். இலங்கை ஆய்வுகளில் ‘டேங்க் கேஸ்கேட்’ என்ற சொல் உண்டு. சங்கிலிபோல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் இறங்கும் குளத்தொடரை அது குறிக்கும். 1985-இல் மத்தும பண்டார எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய வழக்கு அது.

மூன்றாவதுதான் கைகொடுக்கும் வித்தை. பொருளின் பெயர் பொதுவாக இருந்தால் அதன் உறுப்புகளின் பெயரால் தேடுங்கள். ‘டேங்க்’ ஆயிரம் பொருள் தரும். ஏரி நீர் பாயும் நிலத்தைக் குறிக்கும் ‘ஆயக்கட்டு’ ஒரே பொருள்தான் தரும். ஏரி நீரைப் பங்கிட்டுவிடும் ஆளைக் குறிக்கும் நீர்க்கட்டி, நீராணி, ஊர் கூடிச் செய்யும் பராமரிப்பான குடிமராமத்து ஆகியவையும் அப்படித்தான். ஏரியின் உபரி நீர் வழிந்தோடும் அமைப்பான கலிங்கு என்ற சொல்லை ஆங்கிலேயர் ‘கலிங்குலா’ என்று எழுதிவைத்தார்கள். பழைய பொறியியல் அறிக்கைகளைத் திறக்க அது ஒன்றே போதும். குடிமராமத்தின் கடைசி எழுத்துகள் மட்டும் மூன்று விதமாக வரும்: மராமத், மராமத்து, மராமட். மூன்றையும் போடவேண்டும்.

ஊர்ப் பெயர்களையும் மறக்காதீர்கள். தஞ்சாவூர் பழைய பதிவில் டாஞ்சூர், திருநெல்வேலி டின்னவெல்லி, செங்கல்பட்டு சிங்கிள்புட், காவிரி காவேரியாகவும் காவரியாகவும் வரும். புதுப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் காலனிக் காலம் முழுதும் கண்ணில் படாமல் போகும்.

படி 2: கூகுள் ஸ்காலரில் சொல் பொறுக்குதல்

இங்கே கட்டுரை சேர்க்கப் போகவேண்டாம். பட்டியலில் விடுபட்ட சொற்களைப் பொறுக்க மட்டும் போங்கள். தொடர்களை இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். மாற்றுச் சொற்களுக்கு இடையில் ‘ஆர்’ என்பதைப் பெரிய ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சிறிய எழுத்தில் போட்டால் அது கட்டளையாக வேலை செய்யாது. வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி.

மூன்று வரம்புகள் தெரிந்திருக்க வேண்டும். தேடல் வரி 256 எழுத்துக்குள் அடங்கவேண்டும். ‘இருபதாயிரம் முடிவுகள்’ என்று மேலே காட்டினாலும் முதல் 1000-ஐத்தான் பார்க்கமுடியும். தேதிப்படி வரிசைப்படுத்தினால் கடந்த ஓராண்டில் சேர்ந்தவை மட்டும் வரும். ‘முடிவு குறைந்துவிட்டதே’ என்று பதற வேண்டாம். நட்சத்திரக் குறி போட்டுச் சொல்லைச் சுருக்கும் வசதியும் இங்கே கிடையாது. அடுத்தடுத்து வேகமாகத் தேடினால் நீங்கள் மனிதரா என்று கேட்டு நிறுத்திவிடும்.

நல்ல கட்டுரை ஒன்று சிக்கியதும் அதன் கீழுள்ள ‘சைட்டட் பை’ இணைப்பைச் சொடுக்குங்கள். மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் மட்டும் தேடும் தேர்வுப்பெட்டி மேலே வரும். அதில் வேறு துறையின் சொல்லைப் போடுங்கள். ஒரு பொருளியல் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களில் ‘மலேரியா’ என்று தேடினால், அந்தத் துறைக்குள் போகும் வழி பல நேரங்களில் திறக்கும்.

படி 3: துறைக்கு ஒரு களஞ்சியம்

பொருளியலுக்கு மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் அக்எகான் சர்ச். பொதுவளம் பற்றியவற்றுக்கு இந்தியானா பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் தி காமன்ஸ். பொதுவளங்களை ஆராய்ந்த பொருளியலாளர் எலினோர் ஆஸ்ட்ரம் பணியாற்றிய அதே பல்கலைக்கழகம். பாசனத்துக்குக் கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் வெளியீடுகள். செயற்கைக்கோள் படக் கணிப்புக்கு ஆர்க்சைவ், எர்த்ஆர்க்சைவ். இந்த இரண்டிலும் இருப்பவை முன்பதிப்புகள். சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டைத் தாண்டி வந்தவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட்டுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நீங்கள் தட்டிய சொல்லை அது தானாகவே தன் மருத்துவச் சொற்பட்டியலோடு பொருத்தி விரிவாக்கிக்கொள்ளும். என்ன செய்தது என்று பார்க்க ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் வரலாற்றுப் பட்டியலின் விவரத்தைத் திறந்து படியுங்கள். மேற்கோள் குறி போட்டால் விரிவாக்கம் நின்றுவிடும். இடமிருந்து வலமாகத்தான் கட்டளைகளை எடுத்துக்கொள்ளும் என்பதால், மாற்றுச் சொற்களை அடைப்புக்குள் போடாவிட்டால் கணக்கு மாறும். பாசனக் குளமும் மலேரியாவும் வேண்டும் என்றால், குளத்துக்கான சொற்கள் ஓர் அடைப்பு, நோய்க்கான சொற்கள் இன்னோர் அடைப்பு, நடுவே ‘ஆண்ட்’.

ஆய்விதழ்களின் பழைய இதழ்களைச் சேர்த்துவைத்திருக்கும் ஜேஸ்டோர் முழு உரையிலும் தேடுவதால் குப்பை நிறைய வரும். இரண்டு சொற்களை மேற்கோளுக்குள் போட்டு, பின்னால் அலைக்குறியும் (~) 10 என்ற எண்ணும் சேர்த்தால், பத்துச் சொல் தூரத்துக்குள் இரண்டும் வரும் பக்கங்கள் மட்டும் கிடைக்கும். இலவசத் தனிக்கணக்கில் 30 நாளுக்கு 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். பல இதழ்களின் கடைசி மூன்று முதல் ஐந்து ஆண்டு இதழ்கள் அங்கே இருக்காது. அது உங்கள் தேடலின் பிழை அல்ல.

எல்லாத் துறைக்கும் பொதுவாக பேஸ், கோர் என்று இரண்டு தேடுதளங்கள் உண்டு. பேஸ் பெரும்பாலும் நூல்விவரத்தில் தேடும், கோர் முழு உரையில் தேடும். ஆகவே ‘கலிங்குலா’ போன்ற அபூர்வச் சொல்லைக் கோரிலும், தலைப்பில் வரக்கூடிய சொல்லைப் பேஸிலும் போடுங்கள்.

படி 4: ஆய்வேடுகள்

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா, வேளாண் பல்கலைக்கழகங்களுக்கு கிருஷிகோஷ். சோத்கங்காவில் ஒரு ஆய்வேடு அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். எல்லாவற்றையும் இறக்காதீர்கள். பொருளடக்கம், முன்னாய்வுகள் பற்றிய அத்தியாயம், துணைநூற்பட்டியல் மூன்றையும் முதலில் பாருங்கள். ஒருவர் சில ஆண்டு தேடிச் சேர்த்த பட்டியல் சும்மா கிடைக்கிறது.

தமிழ் ஆய்வேடுகளில் ஒரு சிக்கல். யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு திரையில் அழகாகத் தெரியும். ஒரு சொல்லை நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கலாக வரும். அந்தக் கோப்புக்குள் ‘கண்மாய்’ என்று எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. தலைப்பும் சிலவேளை ஆங்கில ஒலிபெயர்ப்பில் மட்டும் பதிவாகியிருக்கும். பல்கலைக்கழகம், துறை என்று இறங்கிப் பட்டியலைக் கண்ணால் ஓட்டுவதே சரியான வழி.

படி 5: ஆவணக் காப்பகம்

இங்கே வந்ததும் பழைய பழக்கத்தை மாற்றவேண்டும். காப்பகத்தில் கோப்புகள் பொருள்வாரியாக இருக்காது, எழுதிய அலுவலகம்வாரியாக இருக்கும். ‘ஏரி’ என்று கேட்பதற்குப் பதில், ஏரி உடைந்தால் யார் யாருக்குக் கடிதம் எழுதியிருப்பார்கள் என்று யோசியுங்கள். சென்னை மாகாணத்தில் விடை பெரும்பாலும் இரண்டு: வருவாய் வாரியம், பொதுப்பணித் துறை. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இந்த வரிசைகளைத்தான் கேட்கவேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்திலும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளிலும் இதே கணக்கு.

சட்டத்தின் பெயரும் திட்டத்தின் பெயரும் இங்கே நல்ல சாவி. ஊரார் மராமத்து வேலைக்கு வந்தே ஆகவேண்டும் என்ற 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், 1883-இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம். இந்த இரண்டு பெயரும் ஆண்டும் கையில் இருந்தால் எந்த ஆண்டுத் தொகுதியைக் கேட்பது என்று தெரிந்துவிடும்.

இன்னும் பின்னால் போனால் கல்வெட்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டில் ஏரி வாரியம், அதாவது ஏரியைக் கவனித்த ஊர்க்குழு, வருகிறது. ஆங்கிலப் பதிப்புகளில் நெடிலுக்கு மேலே கோடு போட்டிருப்பார்கள். கோடு உள்ளதும் இல்லாததுமாக இருமுறை தேடுங்கள்.

மாவட்ட மேனுவல்களும் கெசட்டியர்களும் இன்டர்நெட் ஆர்க்கைவில் உண்டு. அங்கே தேடுபெட்டி இயல்பாக நூல்விவரத்தில் மட்டும் தேடும். உரைக்குள் தேடும் விருப்பத்தை நீங்களே தேர்ந்தெடுக்கவேண்டும். எழுத்துணரி மென்பொருள் பழைய அச்சில் என்-ஐ யூ-வாகப் படித்துவிடுவதும் உண்டு. ஒன்றும் வரவில்லை என்றால் புத்தகத்தின் பின்னிணைப்புச் சொல்லடைவைப் புரட்டுங்கள். தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் மின்நூலகம், ஈழத்து ஆவணங்களுக்கு நூலகம் தளம். பின்னதில் ‘ஏரி’ வேண்டாம், ‘குளம்’ என்று தேடுங்கள்.

படி 6: கோப்பைக் கையில் எடுத்தல்

பணம் கேட்கும் பக்கம் வந்தால் ஸ்காலரில் ‘ஆல் வெர்ஷன்ஸ்’ பாருங்கள். உலாவியில் அன்பேவால் நீட்சியைப் போட்டால், சட்டப்படி இலவசமாக உள்ள பிரதி இருக்கும்போது பச்சைப் பூட்டு தெரியும். இரண்டும் இல்லையென்றால் ஆசிரியருக்கு மூன்று வரியில் மின்னஞ்சல். கேட்டால் பலரும் அனுப்புகிறார்கள்.

படி 7: பதிவேடு

ஒவ்வொரு தேடலுக்கும் தேதி, களஞ்சியம், தட்டிய வரி அப்படியே, முடிவு எண்ணிக்கை, எடுத்தவை எத்தனை என்று ஐந்து கட்டம். ஒன்றும் கிடைக்காத தேடலையும் எழுதுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் அதையே மறுபடி தேடுவீர்கள். கட்டுரைகளை இலவச மென்பொருளான சொட்டீரோவில் சேர்க்கலாம். இரட்டைப் பதிவுகளை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் முன்பதிப்புக்கும் இதழில் வந்த வடிவத்துக்கும் டிஓஐ எண் (கட்டுரையின் நிரந்தர அடையாள எண்) வேறாக இருக்கும். தலைப்பும் மாறியிருந்தால் இரண்டும் தனித்தனிக் கட்டுரையாகவே நிற்கும். அதைக் கண்ணால்தான் பிடிக்கவேண்டும்.

ஒரு துறையில் புதுச்சொல் போட்டுத் தேடியும் ஏற்கெனவே பட்டியலில் உள்ள கட்டுரைகளே மூன்று முறை தொடர்ந்து வந்தால், அந்தப் பத்தியை மூடிவிட்டு அடுத்த துறைக்குப் போகலாம்.